பார்த்துக்கொண்டு நின்றவள்

இந்த மாதம் ஒரு பேய்க்கதையைப் பற்றி எழுதப் போகிறேன். பேய்க்கதையா, நாங்கள் பட்டதும் பயந்ததும் போதாதா என்று கேட்கும் சகோதரிகள் இருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பேய் உண்டா இல்லையா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. இக்கதையில் வரும் பேய்களை விட, அவற்றைக் கண்டு நடுங்கும் ஒரு கிழவிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறாள்.

விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பழக்கம் இருந்தது. நத்தார் வரும் மாதம் அங்கே கடுங்குளிர். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். குடும்பமாக நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பயங்கரக் கதைகள் சொல்வார்கள். பத்திரிகைகளும் நத்தார் மலரில் அப்படியான கதைகளைப் போடும். இந்தக் கதை வகைக்குக் கோதிக் என்று பெயர். பெரிய பழைய வீடு ஒன்று இருக்கும். அதில் பூட்டிய ஒரு பகுதி இருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். இரவில் சத்தம் கேட்கும். என்றோ செய்து மறைத்த ஒரு பாவம் அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு, வெளியே வருவதற்கு நேரம் பார்த்திருக்கும்.

அதே மகாராணியின் காலத்தில்தான், 1885 இல், கண்டியில் வாழ்ந்த சித்திலெப்பை அவர்கள் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். இலங்கையில் எழுதப்பட்ட முதல் தமிழ் நாவல் என்று அதைச் சொல்வார்கள். அதுவும் பெற்றோரிடமிருந்து களவாடப்பட்ட ஒரு பிள்ளையின் கதைதான். அதைப் பற்றி இன்னொரு மாதம் எழுதலாம்.

இப்போது சொல்ல வந்த கதையை எழுதியவர் எலிசபெத் கஸ்கெல் என்ற பெண். கதையின் பெயர் 'முதிய ஆயாவின் கதை'. சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையின் 1852 ஆம் ஆண்டு நத்தார் மலரில் வெளிவந்தது. நாவல் அல்ல, ஒரே இரவில் வாசித்து முடிக்கக் கூடிய நெடுங்கதை.

ஹெஸ்டர் என்ற ஏழைப் பெண்தான் கதையைச் சொல்கிறாள். அவள் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போகிறாள். பிள்ளையின் பெயர் ரோசமண்ட். தகப்பன் காய்ச்சலில் இறக்கிறார். அந்தத் துக்கம் ஆறும் முன் தாயும் பிள்ளைப்பேற்றில் இறந்துவிடுகிறாள். நாலைந்து வயதுப் பிள்ளையும் இன்னும் பதினெட்டு வயதாகாத ஆயாவும் மட்டும் மிச்சம். தாய் வழிச் சொந்தக்காரரான ஒரு பிரபு, வடக்கே நோர்தம்பர்லாந்தில் மலையடிவாரத்தில் இருக்கும் தன் பூர்வீக மாளிகைக்கு இருவரையும் அனுப்பிவிடுகிறார். அநாதையான பிள்ளையைச் சொந்தக்காரர்கள் எங்காவது ஒரு மூலையில் கொண்டுபோய் விடுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

அந்த மாளிகையில் கிரேஸ் என்ற கிழவி இருக்கிறாள். எண்பதை நெருங்கிய வயது. காது கேட்காது. கூடவே இன்னொரு கிழவி, ஒரு காலத்தில் வேலைக்காரியாக இருந்து பிறகு தோழியானவள். நல்ல வேலையாட்களும் இருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டின் கிழக்குப் பக்கம் எப்போதும் பூட்டியே இருக்கிறது. காற்று வீசும் குளிர்கால இரவுகளில் கூடத்திலிருந்து ஓர்கன் வாத்தியம் முழங்குகிறது. ஹெஸ்டர் ஒரு நாள் வாத்தியத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் உடைந்து நொறுங்கிக் கிடக்கிறது. சுவரில் கிரேஸின் இளமைக்காலப் படம் தொங்குகிறது. அவளுடைய மூத்த சகோதரி மோட்டின் படமும் இருக்கிறது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தபடி.

பனி கொட்டிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹெஸ்டர் பிள்ளையைக் கிழவிகளிடம் விட்டுவிட்டுத் தேவாலயத்துக்குப் போகிறாள். திரும்பி வந்தால் பிள்ளை இல்லை. வீடு முழுக்கத் தேடுகிறார்கள். பிறகு வாசலில், பனியில், சின்னக் காலடிகள் மலைப்பக்கமாகப் போவதை ஹெஸ்டர் காண்கிறாள். அதன் வழியே அழுதுகொண்டு ஓடுகிறாள். எதிரே ஒரு இடையன் பிள்ளையைத் தன் போர்வையில் சுற்றித் தூக்கி வருகிறான். உடம்பு குளிர்ந்து விறைத்துப் போயிருக்கிறது. மேட்டில் ஹொலி மரங்களின் கீழே கிடந்ததாம்.

பிள்ளை பிழைத்துக்கொள்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னப் பிள்ளை நின்று கூப்பிட்டதாகவும், அதன் கையைப் பிடித்துக்கொண்டு போனதாகவும், மரத்தடியில் ஒரு பெண் அழுதுகொண்டு இருந்ததாகவும், அவள் மடியில் வைத்துத் தாலாட்டித் தூங்க வைத்ததாகவும் சொல்கிறது. ஹெஸ்டர் நம்பவில்லை. பனியில் ஒரே ஒரு பிள்ளையின் காலடிதானே இருந்தது! ஆனால் இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் கிழவி கிரேஸ் கத்தி, இரக்கம் காட்டும்படி இறைவனிடம் மன்றாடுகிறாள்.

பழைய கதை பிறகுதான் ஹெஸ்டருக்குத் தெரிய வருகிறது. கிரேஸின் தகப்பன் பெருமை பிடித்த பிரபு. சங்கீதத்தில் பித்து. வெளிநாட்டிலிருந்து ஒரு வாத்தியக்காரனைக் கூட்டி வந்தார். அக்காவும் தங்கையும் இருவருமே அவனை விரும்பினார்கள். அவன் மூத்தவளை இரகசியமாக மணந்தான். அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஊருக்குத் தெரியாமல் ஒரு பண்ணை வீட்டில் வைத்து வளர்த்தாள். அதோடு விட்டானா? தங்கையிடமும் சிரித்துப் பழகினான். கடைசியில் இருவரையும் விட்டுவிட்டு அவன் போய்விட்டான். குற்றத்தில் பெரும்பங்கு உடைய அவன் கதையில் திரும்பி வரவே இல்லை; அவனுடைய பேயும்கூட வரவில்லை. இது எழுத்தாளர் தெரிந்தே செய்தது என்று நினைக்கிறேன்.

மோட் தன் பிள்ளையைக் கிழக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தாள். பொறாமையில் வெந்துகொண்டிருந்த தங்கைக்கு அது தெரிய வந்தது. தகப்பனுக்கும் தெரிந்தது. ஒரு பனி இரவில் அவர் தன் ஊன்றுகோலால் பிள்ளையை அடித்து, தாயையும் பிள்ளையையும் வாசலுக்கு வெளியே தள்ளினார். உதவிக்குப் போகக் கூடாது என்று வேலையாட்களுக்குக் கட்டளை. கிரேஸ் பக்கத்தில் நின்றாள். வெளிறிப் போய், கல் மாதிரி நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணியது நடந்துவிட்டது போலப் பெருமூச்சு விட்டாள். மறுநாள் காலை இடையர்கள் மோட்டை ஹொலி மரத்தடியில் கண்டார்கள். புத்தி பேதலித்து, சிரித்தபடி, செத்துப்போன பிள்ளையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசி இரவில் எல்லாரும் கூடத்தில் நிற்கும்போது கிழக்குப் பக்கத்துக் கதவு திறந்துகொள்கிறது. தகப்பன் வருகிறார், மோட் வருகிறாள், பிள்ளை வருகிறது. நடந்தது அப்படியே மீண்டும் நடக்கிறது. கோல் உயரும்போது எண்பது வயதுக் கிரேஸ் ஓடிப் போய், வாப்பாவின் காலில் விழும் மகள் போல, அந்தப் பிள்ளையை விட்டுவிடும்படி கெஞ்சுகிறாள். அப்போது நாலாவதாக ஒரு உருவம் தெரிகிறது. படத்தில் இருக்கும் அதே உடுப்பு, அதே அழகு. இளம் கிரேஸ். அவள் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் துளி இரக்கமில்லை. கோல் இறங்குகிறது. கிழவி அடித்துப் போட்டது போல விழுகிறாள். பிறகு எழும்பவே இல்லை.

இதை முதன்முதலில் வாசித்தபோது என்னை உலுக்கியது அந்த நாலாவது உருவம்தான். செத்தவர்களின் பேயை எல்லாக் கதையிலும் காணலாம். உயிரோடு இருப்பவளின் பேயை, அதுவும் அவளே எதிரில் நின்று காணும் பேயை, நான் வேறு எங்கும் கண்டதில்லை. தகப்பன் அடித்தார். அவள் அடிக்கவில்லை. அவள் செய்தது வாய் திறக்காமல் நின்றது. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு சொல்லை அறுபது வருடம் போன மாதிரிக் காலம் கழித்து, கேட்க ஆளில்லாத இடத்தில் சொல்கிறாள்.

டிக்கன்ஸுக்கு இந்த முடிவு திருப்தியில்லை. பேய்களைப் பிள்ளை மட்டும் காண்பதாக மாற்றினால் நன்றாக இருக்கும் என்று கஸ்கெலிடம் வற்புறுத்தினார். அந்தக் காலத்தில் டிக்கன்ஸ் சொன்னால் மறுப்பது லேசான காரியமா! கஸ்கெல் மறுத்தார். கூடத்தில் நிற்கும் அத்தனை பேரும் காண வேண்டும் என்று நின்றார். கதை நயம் பற்றிப் படித்தவர்கள் டிக்கன்ஸ் பக்கமும் பேசக் கூடும். நான் கஸ்கெல் பக்கம். பிள்ளை மட்டும் கண்டால் அது பிள்ளையின் பிரமை என்று முடித்துவிடுவார்கள். நம் நாட்டில் ஆணைக்குழுவுக்கு மேல் ஆணைக்குழுவாக ஏறி இறங்கிய பெண்களுக்கு இது விளங்கும். "வேறு யார் கண்டது?" என்ற கேள்விக்கு முன்னால் எத்தனை பேருடைய சொல் சொல்லாகவே எடுபடாமல் போயிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கதையில் இரண்டு பெண்கள் குற்றவுணர்வோடு இருக்கிறார்கள். ஒருத்தி கிரேஸ். மற்றவள் ஆயா ஹெஸ்டர். பிள்ளையை விட்டுவிட்டுப் போனேனே என்று அவளும் துடிக்கிறாள். ஆனால் ஹெஸ்டர் செய்த பிழை என்ன? தொழப் போனாள். இருவர் பொறுப்பில் பிள்ளையை விட்டுத்தான் போனாள். நம் கரையோரத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஹெஸ்டருடைய குற்றவுணர்வுதான். "அன்றைக்கு அவரைச் சந்தைக்குப் போகவிட்டிருக்கக் கூடாது", "மகனை அந்த வழியால் அனுப்பியது நான்தானே", "சுனாமியில் கை நழுவிவிட்டதே". 2004 டிசெம்பர் 26 அன்று இலங்கையிலேயே கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டம். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லிச் சொல்லி உடைந்த தாய்மார் எத்தனை பேர். தண்ணீர் இழுத்த வேகத்துக்கு ஒரு தாயின் விரல்கள் கணக்குச் சொல்ல முடியாது. கிரேஸின் பாரத்தை ஹெஸ்டர்கள் சுமப்பதைத்தான் நான் ஊரெல்லாம் காண்கிறேன். கிரேஸ்கள் நன்றாகத் தூங்குகிறார்கள்.

கஸ்கெல் இதையெல்லாம் எங்கிருந்து அறிந்தார்? அவர் 1810 இல் பிறந்தார். பதின்மூன்று மாதக் குழந்தையாக இருக்கையில் தாய் இறந்துவிட்டார். பெரியம்மா முறையானவர் எடுத்து வளர்த்தார். ஜோன் என்று ஒரே ஒரு அண்ணன். கப்பலில் வேலை. தங்கைக்கு அன்பாகக் கடிதம் எழுதுவார். 1820களின் கடைசியில் இந்தியாவுக்குப் புறப்பட்ட பயணத்தோடு அவர் காணாமல் போனார். என்ன நடந்தது என்று குடும்பத்துக்குத் தெரிய வரவே இல்லை. ஜனாஸாவும் இல்லை, கபுறும் இல்லை என்று நாம் சொல்வோமே, அந்த நிலைதான். பிறகு அவர் எழுதிய 'கிரான்ஃபர்ட்' நாவலில், இறந்துவிட்டார் என்று நினைத்த ஒரு சகோதரர் பல வருடம் கழித்து இந்தியாவிலிருந்து கிழவராகத் திரும்பி வருகிறார். தன் வாழ்க்கையில் கிடைக்காததை எழுத்தில் கொண்டுவந்து சேர்த்தார் போலும்.

கல்யாணம் முடித்து மன்செஸ்டர் நகரத்துக்கு வந்த பின் முதற்பிள்ளை இறந்தே பிறந்தது. 1845 இல் ஒரே மகன் வில்லி, ஒரு வயது நிறையும் முன், செங்காய்ச்சலில் இறந்தான். தாய் படுத்த படுக்கையானார். ஏதாவது எழுது, மனம் கொஞ்சம் ஆறும் என்று கணவர் சொன்னாராம். அப்படி எழுதியதுதான் 1848 இல் வந்த முதல் நாவல் 'மேரி பார்டன்'. நெசவாலைத் தொழிலாளரின் பட்டினியைப் பற்றியது. அதன் பிறகு இருபது வருடம் கூட அவர் வாழவில்லை. நாலு மகள்மாரை வளர்த்துக்கொண்டு, வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு அவ்வளவையும் எழுதினார். 1860களின் தொடக்கத்தில் அமெரிக்கப் போரால் பருத்தி வராமல் மன்செஸ்டர் ஆலைகள் மூடப்பட்டபோது, நிவாரண வேலையில் இறங்கி அலைந்தவரும் அவர்தான்.

அந்த அலைச்சலுக்கு நடுவே எழுதி முடித்த நாவல் 'சில்வியாவின் காதலர்கள்', 1863. பேய் கிடையாது. ஆனால் எனக்கு ஆயாவின் கதையை விட இதுதான் கூடப் பயம் தந்தது. விட்பி என்ற கடற்கரை ஊருக்கு வேறு பெயர் வைத்து எழுதியிருக்கிறார். காலம் 1790கள். பிரான்சோடு யுத்தம். திமிங்கில வேட்டைக்குப் போய் மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும் ஆண்களை, கரை தொடும் முன்பே கடற்படையின் ஆள்பிடிக் கும்பல் அள்ளிக்கொண்டு போகும். கரையில் பெண்கள் காத்து நிற்பார்கள். வருவது கப்பல் மட்டும்தான். ஆள்பிடிப்பது என்றால் என்ன என்று நம் வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சில்வியா ஒரு சின்ன விவசாயியின் மகள். கின்ரெய்ட் என்ற திமிங்கில வேட்டைக்காரனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவளைத் தாய்வழி உறவினனான பிலிப்பும் விரும்புகிறான். கடையில் வேலை செய்யும் அமைதியான, நாணயமான ஆள். ஒரு நாள் கடற்கரையில் ஆள்பிடிக் கும்பல் கின்ரெய்டைக் கட்டி இழுத்துப் போவதைப் பிலிப் காண்கிறான். நான் திரும்பி வருவேன், அவளிடம் சொல் என்று கின்ரெய்ட் அவனிடம் சொல்லி அனுப்புகிறான். பிலிப் சொல்லவில்லை. கின்ரெய்டின் தொப்பி கரையொதுங்குகிறது. கடலில் மூழ்கிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டுகிறது. பிலிப் அதற்கும் வாய் திறக்கவில்லை.

ஒரு பொய்யும் சொல்லாமல் எவ்வளவு பெரிய பொய்யை ஒரு மனிதன் சொல்லலாம் என்பதைக் கஸ்கெல் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். சில்வியாவின் தகப்பன் ஆள்பிடிக் கும்பலுக்கு எதிரான கலவரத்தில் முன்னின்றதற்காகத் தூக்கிலிடப்படுகிறார். தாய்க்குப் புத்தி தடுமாறுகிறது. போக்கிடம் இல்லாத சில்வியா பிலிப்பை மணக்கிறாள். ஒரு பெண் பிள்ளையும் பிறக்கிறது. அதன் பிறகு கின்ரெய்ட் உயிரோடு வந்து நிற்கிறான்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நம் மாகாணத்தில் இப்படி ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் வீடுகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டுபோகப்பட்ட முஸ்லிம் பயணிகளின் குடும்பங்கள். அதே வருடம் செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்களின் குடும்பங்கள். இத்தா இருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வெள்ளையும் உடுக்காமல் நிறமும் உடுக்காமல் வருடங்களைக் கழித்த ராத்தாமார். பொட்டை அழிப்பதா வைப்பதா என்று தெரியாத அக்காமார். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்கு, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் கொடுக்க 2016 இல் சட்டம் வந்தது. அதே வருடம் காணாமல் போனவர்களைத் தேடுவதற்கென்று ஒரு அலுவலகத்துக்கும் சட்டம் இயற்றினார்கள். 2018 இல் அதற்கு ஆணையாளர்களை நியமித்தார்கள். கடதாசிகள் வந்தன. ஏற்றிய வாகனத்தை ஓட்டியவர் இருக்கிறார். வழியில் நின்று பார்த்தவர் இருக்கிறார். குழி வெட்டியவர் இருக்கிறார். அவர்களில் பலர் பிலிப்பைப் போல நல்ல மனிதர்களாக, கடை வைத்து, பிள்ளை குட்டியோடு, நம் பக்கத்துத் தெருவில் வாழ்ந்துகொண்டும் இருக்கலாம்.

உண்மை வெளியான நாளில் சில்வியா பிலிப்பை மன்னிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறாள். பிலிப் ஊரை விட்டு ஓடி, வேறு பெயரில் பட்டாளத்தில் சேர்ந்து, 1799 இல் பலஸ்தீனத்தின் அக்கா கோட்டை முற்றுகையில் அதே கின்ரெய்டின் உயிரைக் காப்பாற்றுகிறான். (இந்தப் பகுதி கொஞ்சம் சினிமாத்தனமாகத்தான் இருக்கிறது.) பின்னர் வெடிவிபத்தில் முகம் சிதைந்து, அடையாளம் தெரியாத பிச்சைக்காரனாக ஊர் திரும்பி, மனைவி இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குடிசையில் ஒதுங்குகிறான். கடலில் விழுந்த தன் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டு, அந்தக் காயத்தில் சாகிறான். சாகும் முன் இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார்கள்.

இதோடு முடித்திருந்தால் வழக்கமான சோகக் கதையாகியிருக்கும். கஸ்கெல் இன்னும் ஒரு பக்கம் எழுதுகிறார். வருடங்கள் பல கழிகின்றன. கடலில் குளிக்க வருவோருக்கு உதவும் ஒரு கூலிப் பெண், ஊரில் வழங்கும் பழைய கதை ஒன்றை வெளியூர் ஆளுக்குச் சொல்கிறாள். இரண்டு கல்லெறி தூரத்தில் கல்நெஞ்சுக்காரி மனைவி ஒருத்தி வசதியாக இருக்க, புருஷன் குடிசையில் பட்டினியால் செத்தானாம். ஆள்பிடிக் கும்பல் அந்தக் கதையில் இல்லை. தூக்குமரம் இல்லை. மறைத்த சொல்லும் இல்லை. மிஞ்சியது பெண்ணின் கல்நெஞ்சு மட்டும். அந்த மனைவி என்ன ஆனாள் என்று வெளியூர் ஆள் கேட்க, மகள் பெரியவளாகும் முன்பே அவள் இறந்துவிட்டாள் என்கிறாள் கூலிப் பெண். மகள் கல்யாணம் முடித்து அமெரிக்காவுக்குப் போய்விட்டாளாம்.